தொங்கல் குரல்

பிப்ரவரி 10

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, டீயிலேயே வண்டியை ஓட்டுகிறாயா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முழிக்காதே. டாக்டர் என் தொண்டைக்கு லீவு கொடுத்துவிட்டார். ரெண்டு வருஷம் முன்னால் வந்த கட்டியைக் கரன்ட் வைத்துக் கரைத்தார்களே, அந்த இடம் இன்னும் ரணமாகவே இருக்கிறதாம். கொஞ்ச நாளைக்குப் பேசவே கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்கிறார். நீ கூப்பிட்டால் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால் கூப்பிடாதே. பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஊருக்கெல்லாம் வழி சொன்னவளுக்கு இப்படி ஒரு தண்டனை.

உன் மாமாவுக்குத்தான் கொண்டாட்டம். வாசல் அறையில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை அப்படியேதான் இருக்கிறது. கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொள்கிறார். தெருத்தூசி முழுக்கச் சமையலறை வரை வருகிறது. "கதவைச் சாத்துங்க" என்று கத்தத்தான் ஆளில்லை.

வேறு விசேஷம் இல்லை. டீயை ஆறவிட்டுக் குடிக்கிறேன், ஊதிக் குடிக்க வரவில்லை. அடுப்பில் எதையாவது வைத்து மறந்தால் தீய்ந்த வாசனைகூடத் தெரிவதில்லை. புகையைப் பார்த்துத்தான் ஓடுகிறேன். குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறேன்.

பணம் எதுவும் அனுப்பாதே. இந்தத் தடவை கையைக் கடிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு நலம். கல்லுக்குண்டாக இருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல். சொல்லத்தான் முடியாதே, எழுதிக் காட்டு.

டீயை ஊதுவதற்குமா டாக்டர் தடை போட்டிருக்கிறார்? நல்ல டாக்டர். அது கிடக்கட்டும், "இந்தத் தடவை கையைக் கடிக்கவில்லை" என்றால் எந்தத் தடவை? போன தடவை உன் வளையலும் மாமாவின் ஸ்கூட்டரும் வைத்தியத்துக்குப் போனது எனக்கு மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார எதற்கு அக்கா பணம்? என்னிடம் எதையாவது மறைத்தாய் என்றால் தெரியும் சேதி.

நான் இப்போது லிஃப்ட் மாட்டுகிற கட்டடம் புதுசு. கண்ணாடியை அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். லிஃப்ட் எல்லாம் பேசுகிற வகை. கதவு திறக்கிறது, மூடுகிறது என்று அதுவே சொல்லுமாம். பேசுகிற போர்டு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே ஊமை அக்கா, இங்கே ஊமை லிஃப்ட் என்று என் பொழுது போகிறது.

கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் நேரில் வந்து சண்டை போடுவேன்.

அன்புடன்,
வாலு

மார்ச் 22

அன்புள்ள வாலுக்கு,

இருவரும் நலம். பணம் வந்தது. திட்டிக்கொண்டே எடுத்து வைத்தேன்.

வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அறிவிப்பு அறைப் பக்கம் போகவில்லை, பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மேலே நான் பேசிக்கொண்டிருந்தேன். பதிவு செய்த குரல்தான், எனக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு ஊரையும் ரெண்டு விதமாகப் பேசிப் பதிவு செய்து கொடுத்தவளே நான்தானே. பின்னால் இன்னும் பேச்சு இருக்கிறது என்றால் குரலைத் தூக்கி நிறுத்த வேண்டும், அது தொங்கல். இத்தோடு முடிந்தது என்றால் குரலைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், அது இறக்கம். அதையும் இதையும் ஒட்டி மெஷின் எந்த வண்டியை வேண்டுமானாலும் அறிவித்துக்கொள்ளும். நீகூட "அக்கா தொங்குறா, அக்கா தொங்குறா" என்று வீட்டைச் சுற்றி ஓடுவாய்.

ஒரு பெண் கைக்குழந்தையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரி வழியா போற வண்டி எங்கேங்க நிக்கும்?" என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. விரலால் மேலே காட்டினேன். அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி வண்டி நிற்கிற இடத்தை மேலேயிருந்து நான் சொன்னேன். அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், கழுத்துத் துணியைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அங்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபிறகு அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதே.

நீ நன்றாகத் தூங்கு.
அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நலம் என்று உன் வாயாலேயே கேட்டுவிட்டேன்.

உன் பேச்சை மீறிப் போன் பண்ணியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மனசு கேட்கவில்லை. "சொல்லுங்க" என்று உன் குரல் வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நான்தான்க்கா" என்றேன். "நல்லா இருக்கேன்" என்றாய். "டாக்டர் பேசலாம்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டேன். "சாப்பிட்டீங்களா" என்றாய். எப்போதிலிருந்து எனக்கு இத்தனை மரியாதை? பிறந்த நாளிலிருந்து என்னை "டா" போட்டே கூப்பிடுகிறவள். சரி, கேலி செய்கிறாய் என்று நானும் "சாப்பிட்டேங்க" என்றேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் நீ இன்னும் ஏதோ சொல்லப் போகிறாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. கடைசியில் "போயிட்டு வரேன்" என்றாய். போனை வைக்கிறவர்கள் அப்படியா சொல்வார்கள்? அதற்குப் பிறகும் ஏதோ இருக்கிறது என்று காதிலேயே வைத்திருந்தேன். உன் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. கடையில் எப்போதும் ஏதாவது ஒரு ரேடியோ கரகரக்குமே, அதுவும் கேட்கவில்லை.

லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். எதற்கும் உடனே பதில் எழுது.

வாலு

மே 14

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் தாமதமாகிவிட்டது. கொஞ்சம் அலைச்சல். உன் மாமா நலம். நானும் நலம்தான். நீ இளைத்துவிட்டாய் என்று போட்டோவைப் பார்த்து மாமா சொல்கிறார்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. பக்கத்து வீட்டில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், எனக்கு மட்டும் ஒரு தொல்லையும் இல்லை. வாசனை தெரியாமல் இருப்பதில் இப்படி ஒரு வசதி.

நீ போன் பண்ணியதாக எழுதியிருந்தாய். அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது. நானும் மாமாவும் காலையில் கிளம்பி, பொழுது சாயும்போதுதான் திரும்பினோம். அதைக் கழற்றிவிடச் சொல்லி மாமாவிடம் எழுதிக் காட்டியிருக்கிறேன். இனிமேல் கூப்பிடாதே.

அக்கா

மே 31

அக்கா,

பூட்டிய வீட்டில் போனை எடுத்தது யார்? "அது" என்றால் எது? உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது போதாது என்று இன்னொன்றும் நடந்துவிட்டது.

பேசுகிற போர்டு வந்து சேர்ந்தது. கூண்டுக்குள் அதை மாட்டிவிட்டு, கம்பிகளைச் சரி பார்க்கக் கூண்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே யாரும் இல்லை. சுற்றிலும் சுவர், மேலே இருட்டு, கீழே இருட்டு. என் காலுக்கு அடியிலிருந்து நீ பேசினாய். "கதவு மூடுகிறது." கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே போய்விட்டது. அது விழுந்து சத்தம் வருவதற்குள் "கீழே செல்கிறது" என்றாய்.

நல்ல வேலை கிடைத்திருக்கிறது, சொல்லாமல் ஆச்சரியப்படுத்துகிறாள் என்று முதலில் சிரித்தேன். மறுபடி போட்டுக் கேட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. "மூடுகிறது" என்பதில் "டு" உடைகிறது அக்கா. முதல் தடவை கட்டி வந்தபோது போனில் உனக்கு இதே உடைசல் இருந்தது. சளி என்றாய். சளி இல்லை. கரன்ட் வைத்ததும் அது மறைந்து போனதை நான் காதால் கேட்டவன். இப்போது மறுபடி இருக்கிறது. போர்டில் ஒட்டியிருக்கிற தேதி இந்த வருஷம் ஜனவரி.

திரும்ப வந்துவிட்டதா? ஆமாம், இல்லை, ரெண்டில் ஒன்று எழுது. நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்.

வாலு

ஜூன் 17

அன்புள்ள வாலுக்கு,

ஆமாம்.

எழுதிவிட்டேன், நெஞ்சு லேசாகிவிட்டது. உனக்குத்தான் கனத்திருக்கும். உன் காதுக்கு இவ்வளவு கூர்மை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சின்ன வயதில் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் கேட்காது.

போன வருஷக் கடைசியில் திரும்ப வந்தது. இனி கரன்ட் வைக்க முடியாது, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதனால்தான் ஊத வரவில்லை, வாசனையும் இல்லை. ஆபரேஷனுக்குப் பணம் கேட்டபோது விற்க வீட்டில் என்ன இருந்தது? மாமாவின் கடையில் இருப்பதெல்லாம் அடுத்தவர்களின் டிவி. அப்போதுதான் பேசும் மெஷின் செய்கிற கம்பெனிக்காரர் வந்தார். பஸ் ஸ்டாண்டில் என் குரலைக் கேட்டிருக்கிறார். எப்படியும் வெட்டி எறியப் போகிற குரல். விற்றேன். துணி போர்த்திய ஒரு அறையில் உட்கார வைத்து, தொண்டை ரணமாக ரணமாக வாங்கிக்கொண்டார்கள். என் தொண்டையை வெட்டுவதற்கான செலவை என் தொண்டையே கொடுத்துவிட்டது, கெட்டிக்காரத் தொண்டை.

லிஃப்டில் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் மாட்டிவிட்டார்கள். போன மாதம் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். "அடுத்தவர் உள்ளே வரவும்" என்று நான் என்னைக் கூப்பிட்டேன். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மாமா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

போனை எடுத்ததும் நான்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள், மாமாவுக்கென்று வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் பேசிப் பதிந்து வைத்தேன். சொல்லுங்க, நல்லா இருக்கேன், சாப்பிட்டீங்களா, கதவைச் சாத்துங்க, இந்த மாதிரி. உனக்கு மரியாதை கிடைத்த ரகசியம் இதுதான். போன் வந்தால் தானே எடுத்துப் பேசும்படி அவர் அதைப் போனில் கோர்த்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

அதில் ஒரு தப்பு செய்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நான் முதலில் எல்லா வார்த்தையையும் தொங்கலில் சொல்லி முடிப்பேன், அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கத்தில் சொல்வேன். வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. தொங்கல் முடிந்ததும் தொண்டையும் முடிந்துவிட்டது. அந்த வீட்டுக் குரலில் எந்தப் பேச்சும் முடியாது. மாமா அதைப் போட்டுக் கேட்கும்போது, அடுத்தது என்ன என்று என் முகத்தைப் பார்க்கிறார். நான் என்ன செய்ய?

இனிமேல் மறைக்க மாட்டேன். கோபப்படாமல் சாப்பிடு.
அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் ரூம்காரனிடம் கத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். குரல் போவதற்கு முன்னால் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு "டேய்" என்றாவது சொல்லியிருக்கலாம். அழுதேன் அக்கா. எழுதுவதற்கு வெட்கமாக இல்லை.

லிஃப்ட் வேலையை வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னேன். அப்புறம் நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். நீ அங்கே தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. மத்தியானம் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். குரல்வளையை எடுத்தார்கள் என்று எழுதினாய். நோய் போய்விட்டது என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

கையில் இருந்ததை அனுப்பியிருக்கிறேன். லீவு கேட்டிருக்கிறேன், அக்டோபரில் தருவதாகச் சொல்கிறார்கள். பதில் எழுது.

வாலு

ஆகஸ்ட் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது, பொறுத்துக்கொள். நான் நலம். அவள் உனக்குப் பதில் எழுதாமல் பேப்பரை மடித்து மடித்து வைக்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

நோய் போகவில்லை, நுரையீரலில் இருக்கிறது. புதுசாக ஒரு ஊசி சொல்கிறார்கள். விலை கேட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ அனுப்பியதும் நான் புரட்டியதும் சேர்த்தாலும் ரெண்டு ஊசிக்கு மேல் வராது. தொடர்ந்து போட வேண்டும்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீட்டுக் குரலில் இறக்கம் இல்லாதது உனக்குத் தெரியும். மெஷினை வைத்து அதை முடித்துத் தருவார்களா என்று கம்பெனிக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டினேன். அவர்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். எங்களிடம் கொடுத்த குரல் வாத்தியார் குரல், இதுதான் வீட்டுக் குரல், மக்களுக்கு இதுதான் பிடிக்கும் என்றார்கள். அப்புறம் குரலை விற்றபோது இவள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். இந்தக் குரல் வேறு எங்கும் இருக்கக் கூடாதாம், வீட்டிலும் கூடாதாம். ஒப்படைத்துவிட்டு வீட்டில் உள்ளதை அழித்தால் ஊசிச் செலவு முழுவதும் அவர்கள் பொறுப்பு.

இவள் கூடவே கூடாது என்கிறாள். "நான் போன பிறகு உங்களுக்கு என்ன மிஞ்சும்" என்று எழுதிக் காட்டுகிறாள். "நீ இருந்தால் போதும்" என்று அவளிடம் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை.

நீ சீக்கிரம் வா.
மாமா

செப்டம்பர் 8

அன்புள்ள வாலுக்கு,

மாமா எழுதிவிட்டார் என்று தெரியும். மன்னித்துக்கொள், மறைக்க மாட்டேன் என்று எழுதிய கையாலேயே மறைத்தேன். நுரையீரல் என்று எழுதினால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரியில் கூட்டம். உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். வழக்கமாக "அடுத்தவர் உள்ளே வரவும்" என்று வரும். நேற்று "வாங்க" என்று வந்தது. கொஞ்சம் விட்டு, "பயப்படாதீங்க" என்று வந்தது.

அந்த வார்த்தையை நான் என் வாழ்க்கையில் ஒரே ஒருவருக்குத்தான் அந்த மாதிரி சொன்னேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், நான் பேசப் பேச மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைப் பார்த்துச் சொன்னது. அதை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். இப்போது கூரையிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன். அதுவும் தொங்கலில். அறையில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், இன்னும் ஏதோ சொல்வேன் என்று. உள்ளே போக வேண்டியவர்கூடப் போகவில்லை.

மாமா கொடுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து நாள் முழுக்க அவருக்கு ஒரு வார்த்தை எழுதிக் காட்டவில்லை. பேச முடியாதவள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரிந்தது. "எனக்கு நீ வேணும், சத்தம் வேணாம்" என்றார். 

ஊசி போட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் அவர் கொடுத்தது வீணாகிவிடும். டாக்டர் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. அக்டோபர் என்று சொன்னாயே, கொஞ்சம் முன்னால் வர முடியுமா பார். இதை நான் கேட்கிறேன் என்றால் நீ புரிந்துகொள்.

அக்கா

ஜனவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

வாலுவின் வணக்கம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அக்காவின் காரியம் முடிந்ததும் உங்களைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பியது முள்ளாகக் குத்துகிறது. அந்த வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன்.

ஊசியால் அக்காவுக்குக் கிடைத்த மாதங்களை நீங்கள் கொஞ்சம் என்கிறீர்கள். எனக்கு அது கொஞ்சம் இல்லை. ஒரு நாள் அவளோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். மேலே அவள் "பயப்படாதீங்க" என்றதும் பக்கத்தில் அவள் முழங்கையால் என்னை இடித்தாள். "மரியாதையைப் பார்த்தியாடா" என்று சிலேட்டில் எழுதிக் காட்டிச் சிரித்தாள். கழுத்தில் விசில் அடித்தது. அந்தச் சிரிப்பை நான் பார்த்தது நீங்கள் கொடுத்ததால்தான்.

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். இங்கே எல்லா லிஃப்டுக்கும் புது போர்டு வந்துவிட்டது. புதியதில் அவள் குரலை மெழுகிவிட்டார்கள். உடைசல் இல்லை, வழவழவென்று யாரோ மாதிரி இருக்கிறது. பழையதைக் குப்பையில் போடச் சொன்னார்கள். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு லிஃப்ட் பேச்சு மட்டும்தான் தெரியும். சாப்பிட்டீங்களா என்று கேட்காது. ஆனால் இந்தப் பேச்சையெல்லாம் அவள் இறக்கத்திலும் சொல்லியிருக்கிறாள் மாமா. "கதவு மூடுகிறது" என்று குரலை இறக்கி முழுசாக முடிக்கிறாள். அவள் குரலில் முடிகிற பேச்சு ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றியது.

அன்புடன்,
வாலு

பிப்ரவரி 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நலம். நீயும் நலமாக இரு. பார்சல் உடையாமல் வந்தது.

வாசல் நிலையில் ஒரு ஸ்விட்ச் வைத்து போர்டை அதோடு இணைத்தேன். கதவைத் திறந்தேன். "கதவு திறக்கிறது" என்றாள். அங்கேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு சாத்தவில்லை. சாத்தினால் மற்றதையும் சொல்லிவிடுவாள். இறக்கத்தில் முடிக்கிறாள் என்று நீ எழுதியிருந்தாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பு வரவில்லை. திறந்தே போட்டுவிட்டேன். தூசி வந்தது. தெருநாய் ஒன்று உள்ளே வந்து டிவிகளுக்கு நடுவில் படுக்கப் பழகிவிட்டது. "திருட்டுப் பயம் இல்லையாங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "திருட என்ன இருக்கு?" என்றேன்.

நேற்று மத்தியானம் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வாசல் அறையில் "கதவு மூடுகிறது" என்றாள். "டு" உடைந்தது. அப்புறம் குரல் இறங்கி முடிந்தது. நீ எழுதியது சரிதான், முழுசாக முடிக்கிறாள்.

போய்ப் பார்த்தேன். கதவு திறந்தபடியே இருந்தது. காற்று இல்லை. நாய் எழுந்து நின்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்துத் திரும்ப மாட்டினேன், ஒயரைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன். ஒரு கோளாறும் தெரியவில்லை.

கதவைச் சாத்துங்க, கதவைச் சாத்துங்க என்று எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். நான் ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நாயை வெளியே விட்டேன். கதவைச் சாத்தினேன். போர்டு எதுவும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.
மாமா